கோணக்கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு: வீட்டில் செய்ய வேண்டிய கழுத்துப் பயிற்சிகள்

கோணக்கழுத்துக்காகப் பிள்ளைக்குத் தசை அறுவைச் சிகிச்சை முடித்துவிட்டு, இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள தங்கள் ஊருக்குத் திரும்பப்போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு ஏழு வயதில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் வலப்பக்கத் தசையை விடுவித்தார்கள். அறுவை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பின் தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுப் பாயில் நடந்த வேலை ஒன்பது மாதம் நீண்டது. "நாங்க வெட்டி விட்டாச்சு, அது மறுபடி சுருங்காமப் பார்த்துக்கிறது உங்க கையிலதான் இருக்கு" என்று மருத்துவர் சொன்னபோது, அதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பிலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை ஒரு பக்கம் சுருங்கி நாராகிவிடுவதுதான் இந்தக் கோளாறு. வலப்பக்கத் தசை சுருங்கினால் தலை வலத்தோளை நோக்கிச் சாயும், தாடை இடப்பக்கம் திரும்பும். ஆகவே பயிற்சியில் இடக்காது இடத்தோளை நோக்கியும் தாடை வலத்தோளை நோக்கியும் போக வேண்டும். கீழே உள்ளவை அனைத்தும் வலப்பக்க அறுவைக்கு எழுதப்பட்டவை. இடப்பக்கம் என்றால் எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

1. நாள் குறிக்கும்போதே பயிற்சியை நினைத்துக் குறியுங்கள்

அவசர அறுவை இல்லை என்பதால் தேதியைப் பெரும்பாலும் நாமே கேட்டு வாங்கலாம். கடலுக்குப் போகிற வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் மிகப் பொருத்தமானது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், தகப்பனார் வீட்டில் இருப்பார், பள்ளிக்கும் விடுமுறை. முதல் இரண்டு மாதம் இந்தப் பயிற்சிக்கு இரண்டு பேர் கை தேவைப்படுகிறது என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். அறுவைக்குப் பின் தலையை நேராக நிறுத்தப் போடும் கழுத்துப் பட்டை வெயிலில் வேர்த்துக் கசகசக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை கட்டிய பிள்ளையோடு பேருந்துக்கு நிற்பதைவிட அது மேல்.

அரசு மருத்துவமனையில் செய்வதானாலும் தனியாரிடம் செய்வதானாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைச் சேர்க்கைக்கு முன்பே வைத்திருங்கள். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு பட்டணம்காத்தானில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்குச் செய்யப்போகும் அறுவை திட்டத்தில் வருகிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம். சேர்ந்த பிறகு அட்டைக்கு ஓடினால், பிள்ளை அருகில் இருக்க வேண்டியவர் வரிசையில் நிற்பார்.

2. டிஸ்சார்ஜ் சம்மரியை வார்டிலேயே உட்கார்ந்து படியுங்கள்

நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி, வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் இந்த ஒரு தாளால் வந்தது. எங்கள் சம்மரியில் "வலது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "இடது" என்று அச்சாகியிருந்தது. கட்டு வலப்பக்கம் இருக்கிறது, தாள் இடப்பக்கம் என்கிறது. இராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்த பிசியோதெரபிஸ்ட், திருத்திய தாள் வராமல் பிள்ளையின் கழுத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரிதான். ஏறக்குறைய 130 கிலோமீட்டர் திரும்பிப் போய், ஒரு சொல்லைத் திருத்த ஒரு நாள் காத்திருந்து வந்தோம். அந்த வாரப் பயிற்சியில் மூன்று நாள் போயிற்று.

தாளில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தப் பக்கம் அறுவை நடந்தது, தசையை ஒரு முனையில் விடுவித்தார்களா, மேலும் கீழுமாக இரு முனையிலுமா, தையல் தானே கரைவதா, பிரிக்க வேண்டியதா, பிரிப்பதானால் என்று, கழுத்துப் பட்டையை ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் போட வேண்டும், பயிற்சி எந்த நாளில் தொடங்க வேண்டும், எந்த அசைவு இப்போதைக்குக் கூடாது. கடைசி இரண்டும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே சொல்லப்படும். எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கூச்சப்பட வேண்டாம்.

அதோடு பள்ளிக்கு ஒரு மருத்துவச் சான்றும், உள்ளூர் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாத் தாளையும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, கைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். அறுவை நடந்த மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் உங்கள் பிள்ளைக்குச் செய்து காட்டும்போது அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். கையை எங்கே வைக்கிறார், எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார் என்பதெல்லாம் ஊர் வந்து சேர்வதற்குள் மறந்துவிடும். நான் அந்த வீடியோவை முதல் மாதத்தில் அன்றாடம் பார்த்தேன்.

3. முதல் இரண்டு வாரம்: காயமும் பட்டையும்

பேருந்து குலுங்கும் என்பதால் ஊர் திரும்ப மட்டும் வாடகைக் கார் பிடித்தோம். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கழுத்துத் தையலைப் பொதுவாக ஏழு முதல் பத்து நாளுக்குள் பிரிப்பார்கள். அதுவரை காயம் நனையக்கூடாது. தையல் பிரித்த பிறகும், பக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடும் வரை கடல்நீர் கிட்டவே போகக் கூடாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று கரையில் சொல்லாத ஆள் இல்லை. புதுத் தையலுக்கு அது பொருந்தாது.

எங்களுக்குப் பட்டை, முதல் ஆறு வாரம் பயிற்சியும் குளியலும் நீங்கலாக இரவும் பகலும், அடுத்த ஆறு வாரம் இரவில் மட்டும் என்று சொல்லப்பட்டது. ஏப்ரல் நடுவில் அறுவை நடந்ததால், பகல் பட்டை கழன்றபோது பள்ளி திறக்கும் நேரமாகிவிட்டது. பட்டை இரண்டு வாங்குங்கள். ஒன்று கழுத்தில் இருக்க மற்றொன்று கொடியில் காய வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நான்கு விரல் அகலத்தில் கிழித்து, பட்டைக்கு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டால் வேர்க்குரு குறையும். அந்தத் துணியை நாளுக்கு மூன்று முறை மாற்றினோம். பட்டைக்கு அடியில் பவுடர் கொட்டாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து சேறாகித் தழும்பில் ஒட்டும்.

வலக்காது மடலும் தாடையின் கீழ்ப்பகுதியும் சில நாள் மரத்துப்போய் இருக்கலாம். தோல் நரம்பு அந்த வழியாகப் போவதே காரணம், பெரும்பாலும் நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்றார்கள். என் மகளின் தோடு பட்டை நூலில் சிக்கி மடல் இழுபட்டுச் சிவந்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. அன்றே இரண்டு தோட்டையும் கழற்றி வைத்தேன்.

4. அருகில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பிடியுங்கள்

தினப் பயிற்சி வீட்டில்தான். ஆனால் கை சரியாகப் போகிறதா என்று பார்க்க, முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது தெரிந்தவர் கண் வேண்டும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை (பிசியோதெரபி) பிரிவுக்குப் போகலாம், ஓ.பி. சீட்டுப் போட காலையிலேயே போய்விடுங்கள், சம்மரியின் நகலைக் கையில் வைத்திருங்கள். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் பதினைந்து கிலோமீட்டர் தூரம்தான். சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

போக முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவதற்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். அவர் பல ஊர் பார்க்க வேண்டியவர், அடிக்கடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வரும் நாளில் அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் பார்ப்பதைவிட, நீங்கள் செய்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. நீட்டும் பயிற்சி: இதுதான் மூலம்

எங்களுக்கு ஏழாம் நாள் தொடங்கச் சொன்னார்கள். சிலருக்கு அதற்கும் முன்னதாக, சிலருக்கு இரண்டு வாரம் கழித்து. தாளில் உள்ள நாளே உங்களுக்கான நாள்.

தலையணை இல்லாமல் பாயில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் பிள்ளையின் வலத்தோளை உள்ளங்கையால் மெதுவாகத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பின்மண்டையைத் தாங்கி, மூக்கு கூரையைப் பார்த்தபடியே இருக்க, இடக்காதை இடத்தோள் பக்கம் கொண்டுபோக வேண்டும். இறுக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, 15 முதல் 30 நொடி அப்படியே வைத்திருந்து, நடுவுக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஐந்து முறை. அடுத்து, தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் வலத்தோளை நோக்கித் திருப்பி, அதே போல நிறுத்தி, ஐந்து முறை. ஒரு நாளைக்கு நான்கு வேளை. எங்கள் வீட்டில் பல் தேய்த்தபின், மதியச் சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைக்கும் நேரம், படுக்கும் முன் என்று வைத்துக்கொண்டோம்.

பிழை நடப்பது தோளில்தான். தலை இடப்பக்கம் போகப் போக வலத்தோள் தானாக மேலே ஏறி வந்துவிடும். பார்ப்பதற்குக் காது நன்றாகச் சாய்ந்ததுபோல் தெரியும், தசை ஒரு நூல்கூட நீண்டிருக்காது. தோளைப் பிடிக்கிற கைதான் பயிற்சியின் பாதி. தடைக்காலம் முடிந்து என் கணவர் கடலுக்குப் போனதும் அந்தக் கை இல்லாமல் போயிற்று. அப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வழி இது: பிள்ளையைச் சப்பணமிட்டு உட்காரவைத்து, அதன் வலது உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்காரச் சொல்லுங்கள், தோள் ஏறாது. நீங்கள் பின்னால் இருந்து தலையை மட்டும் சாய்த்தால் போதும்.

வெட்டி இழுப்பதும், விட்டு விட்டு ஆட்டுவதும், நெட்டி முறிப்பதும் கூடவே கூடாது. இறுக்கமும் லேசான வலியும் இருக்கத்தான் செய்யும். பிள்ளையின் கை மரத்தாலோ சுர்ரென்று இழுத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். தசையை இளக்க வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அனுமதி கிடைத்தால், சூட்டை உங்கள் மணிக்கட்டில் சோதித்துவிட்டு வையுங்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது.

உரம் எடுப்பது, அதாவது குழந்தையின் சுளுக்கைச் சேலையில் உருட்டி எடுக்கும் நாட்டு வழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது இவளுக்கு உரம் விழுந்திருக்கிறது என்று அப்பத்தா சேலையில் போட்டு உருட்டினார்கள், அன்பாகச் செய்ததுதான். அறுவைக்குப் பிறகும், "ஒரு தடவ சுளுக்கு எடுத்தா சரியாப் போயிரும்த்தா" என்று வந்தவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். அப்போது ஒரு வேலை செய்தேன். அப்பத்தாவையே தோளைப் பிடிக்கும் ஆளாக்கிவிட்டேன். அதன்பின் வந்தவர்களை அவர்களே பேசி அனுப்பிவைத்தார்கள்.

6. மூன்றாவது வாரத்தில் விட்டுவிடாதீர்கள்

மூன்றாம் வாரம் கழுத்து நேராகத் தெரியும், வலியும் போயிருக்கும். எங்களுக்கு அந்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். பட்டையோடு படத்தில் நிற்க வேண்டாமே என்று கழற்றினோம், பயிற்சியும் ஒன்பது நாள் நின்றது. ஒன்பதாம் நாள் இடக்காதை நான்கு விரல் தூரம்கூடக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை கத்திவிட்டாள். ஆறும் காயம் சுருங்கத்தான் செய்யும். வெட்டிவிட்ட இடத்தில் புது நார் கட்டிக்கொள்வது இந்த வாரங்களில்தான் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். போன அளவு திரும்பி வர ஐந்து வாரம் ஆனது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அளவு எடுக்கத் தொடங்கினேன். கழுத்தில்லாத பனியன் போட்டு, ஒரே கதவு நிலைக்கு முன் நிறுத்தி, நேராக ஒரு படம். பிறகு தையல் டேப்பால் தாடை நுனியிலிருந்து வலத்தோள் எலும்பு வரையும், இடக்காதிலிருந்து இடத்தோள் வரையும் அளந்து, நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைத்தேன். கண் ஏமாற்றும், டேப் ஏமாற்றாது. மறுபார்வைக்குப் போகும்போது மருத்துவர் முதலில் கேட்டு வாங்கியதும் அந்தத் தாள்களைத்தான்.

7. நேர் எது என்று கண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தசை நீண்ட பிறகும் பிள்ளை தலையைச் சாய்த்தே வைத்திருந்தாள். ஏழு வருடமாகச் சாய்ந்த தலைக்குப் பழகிய மூளைக்கு அதுவே நேர். ஒரு மாலை கரையில் நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பிடித்தபோது, "அம்மா, கடல் சாயுது" என்றாள். நான் கையை எடுத்ததும் தலை பழைய இடத்துக்குப் போயிற்று. "இப்பச் சரியாயிருச்சு" என்றாள்.

வீட்டில் நிலைக்கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு பிளாஸ்திரி நாடாவை ஒட்டுங்கள். மூக்கு, தாடை நடு, நெஞ்சுக்குழி மூன்றும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, தலையை இரு பக்கமும் திருப்பி, தானே நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லி, கண்ணைத் திறந்து கோட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை. முதலில் எல்லாம் தப்பும். எங்களுக்கு இரண்டு மாதத்தில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது.

நம் பக்கத்தில் கடலே ஒரு மட்டக்கோல்தான். பாக் நீரிணைப் பக்கம் அலை குறைவு, தொடுவானம் நூல் பிடித்ததுபோல் இருக்கும். அதோடு இரு கண்ணையும் ஒப்பிட்டு நிற்க ஐந்து நிமிடம் போதும். தாடையை வலப்பக்கம் திருப்பும் பயிற்சிக்கு, எங்கள் ஊர்க் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் வலக்கைப் பக்கம் வரும்படி அவளை நிறுத்தி, உடம்பைத் திருப்பாமல் ஒன்பதையும் எண்ணச் சொல்வேன். நீர் ஏறி மூழ்கிய கற்களையும் சேர்த்து எண்ணிவிட்டு ஒன்பது என்பாள். பாதகமில்லை, நமக்கு வேண்டியது அந்த நொடிகள்தான்.

அன்றாடத்திலும் வலப்பக்கமே வேலை கொடுங்கள். சோறூட்டுபவர், தொலைக்காட்சி, படுக்கையிலிருந்து பார்த்தால் வாசல் எல்லாம் வலப்பக்கம் வரட்டும். வகுப்பில் இடப்பக்க ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்தேன். அங்கிருந்து கரும்பலகையைப் பார்க்க வலப்பக்கம் திரும்ப வேண்டும். புத்தகப் பை இரண்டு தோளிலும் மாட்டப்பட வேண்டும்.

தசை நன்றாக நீண்டு, கண்ணாடிப் பயிற்சியும் செய்து, அப்படியும் தலை சாய்ந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். கண் தசைக் கோளாறிலும் பிள்ளைகள் தலையைச் சாய்ப்பது உண்டு.

8. தழும்பு

தோல் முழுதாக மூடிய பின், பொதுவாக மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் அனுமதித்தால் தழும்பைத் தேய்த்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி போதும், தைலம் வேண்டாம். இரண்டு விரலால் சிறு வட்டமாகவும், தழும்புக்குக் குறுக்காகவும், பிறகு தோலை லேசாகக் கிள்ளித் தூக்கியும், ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. தழும்பு காறை எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கே இது. வெயிலில் போகும்போது துணியால் மூடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும்.

9. வலுவூட்டும் பயிற்சி

ஆறாம் வாரத்துக்குப் பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொன்ன பின்பே தொடங்க வேண்டும். முதலில் அசைவில்லாத பயிற்சி: உங்கள் உள்ளங்கையைப் பிள்ளையின் இடப்பொட்டில் வைத்து, அவள் தலையால் தள்ள, நீங்கள் விட்டுக்கொடுக்காமல் ஐந்து நொடி பிடிக்க வேண்டும், பத்து முறை. நெற்றியிலும் பின்மண்டையிலும் அப்படியே. பிறகு வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தலையணையிலிருந்து கூரையை நோக்கித் தூக்கச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வேலையில்லாமல் கிடந்த இடப்பக்கத் தசைக்கு இது. கவிழ்ந்து படுத்து முழங்கை ஊன்றித் தலை நிமிர்த்துவதும், சுவரில் சாய்ந்து தாடையை உள்ளே இழுப்பதும் கடைசியாகச் சேர்ந்தன. வலுப்பயிற்சி வந்ததும் நீட்டும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் வரை நான்கு வேளை, அதன் பின் இரண்டு வேளை என்றே தொடர்ந்தோம்.

10. செலவும் மறுபார்வையும்

அறுவைச் செலவு நீங்கலாக எங்கள் கையிலிருந்து போனது: பட்டை இரண்டு ₹700, தழும்புக்குச் சிலிக்கான் ஜெல் ₹600, தனியார் பிசியோதெரபி எட்டு முறை ₹2,400, திரும்பி வந்த கார் ₹4,500, மதுரைக்குப் பேருந்தில் ஆறு முறை இருவர் போய்வரச் சாப்பாட்டோடு ₹3,000. மொத்தம் ₹11,200. அந்த ஆறில் ஒன்று மேலே சொன்ன ஒற்றைச் சொல்லுக்காகப் போனது. மற்ற ஐந்தும் பத்தாம் நாள், ஆறாம் வாரம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மாத மறுபார்வைகள். பிள்ளை வேகமாக உயரும் வயதில் சுருக்கம் திரும்பக்கூடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

11. எப்போது உடனே ஓட வேண்டும்

காயத்தில் சீழ், சூடு, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனாலும், தோள் ஒரு பக்கம் இறங்கினாலும் மறுபார்வை நாள் வரை காத்திருக்க வேண்டாம். கழுத்து திடீரென வீங்கினாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே அறுவை நடந்த நாளையும் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். அதற்காகவே சம்மரியின் ஒரு நகலைப் பட்டை வைத்திருக்கும் பையிலேயே போட்டு வைத்திருந்தேன்.